எஸ்.எஸ்.எம் எடுத்தாச்சு, அப்புறம்?

சுங்கை சிப்புட் டவுனில் புதிதாகக் கடை போட்டவரிடம் "லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, எஸ்.எஸ்.எம் எடுத்தாச்சே" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எஸ்.எஸ்.எம் என்பது மலேசிய நிறுவன ஆணையம், அது கொடுப்பது லைசன்ஸே இல்லை, பதிவு. இன்னார், இன்ன பெயரில், இன்ன முகவரியில், இன்ன வியாபாரம் செய்கிறார் என்று ஏட்டில் ஏற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான். பிறப்புப் பத்திரம் மாதிரி அது: ஆள் இருக்கிறார் என்று சொல்லும், கார் ஓட்டலாம் என்று சொல்லாது. அதற்கு வேறு காகிதம் வேண்டும், அதை வேறு ஆபீஸ் கொடுக்கும்.

தோட்டத்தில் வேலை செய்த வரைக்கும் இதையெல்லாம் நாம் யோசித்ததே இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎப் பிடிப்பது, வேலையில் விபத்து நேர்ந்தால் உதவுகிற சொக்சோ கட்டுவது, லீவுக் கணக்கு, எல்லாவற்றையும் ஆபீஸில் குமாஸ்தாவான கிராணி பார்த்துக்கொள்வார், நம் கைக்குச் சம்பளச் சீட்டு மட்டும் வரும். சொந்தக் கடை என்று ஆகிவிட்டால் முதலாளியும் நீங்கள்தான், கிராணியும் நீங்கள்தான். முதலாளி வேலை எல்லாருக்கும் பிடிக்கிறது, கிராணி வேலையைத்தான் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு கற்பனை அக்காவை வைத்துப் பேசுவோம். எல்பில் தோட்டத்துப் பக்கம் வீடு, வீட்டிலேயே இடியப்பமும் தோசையும் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது டவுனில் கடை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறார். கையில் கொஞ்சம் காசு, கூட ஒரு தம்பி.

முதலில் பதிவு. தீபகற்பத்தில் இதற்கு 1956-ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டம் இருக்கிறது. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும், குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இருக்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), 'அன்னை உணவகம்' மாதிரி தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஒரு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரைக்கும் சேர்த்தே கட்டலாம். ஈப்போவுக்குப் போய் வரிசையில் நிற்கவும் வேண்டாம், எஸ்பிஸ் என்கிற அவர்களுடைய தளத்திலேயே முடித்துவிடலாம். 60 வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன் என்று பதியாமல் ஓட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவு தூரம் போவது அபூர்வமாக இருக்கலாம். ஆனால் பதிவு இல்லாமல் கடைப் பெயரில் பேங்க் கணக்கு திறக்க முடியாது, சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் இந்தியர்களுக்கென்று கொடுக்கிற ஸ்புமி கடனுக்கும் முதலில் கேட்பது இதைத்தான். நிஜமான தண்டனை அதுதான் என்பேன்.

கடைப் பெயரைப் பற்றி ஒன்று. எஸ்.எஸ்.எம்மில் பெயரைப் பதிந்ததால் அந்தப் பெயர் உங்கள் சொத்து ஆகிவிடாது. அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி வர்த்தக முத்திரைப் பதிவு, அதற்கு மைஐபிஓ என்று தனி இடம், ஒரு தடவை பதிந்தால் பத்து வருடம் செல்லும். தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்கு முதல் நாளே இது தேவையில்லை. மசாலாத் தூளைப் பாக்கெட் போட்டு ஊர் ஊராக அனுப்பப் போகிறவர் யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தனியாள் பெயரில் பதிந்த கடையும் அந்த ஆளும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு இல்லை. 'அன்னை உணவகம்' என்று போர்டு இருக்கும், பேங்க் கணக்கு இருக்கும், ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், ஆனால் 'அன்னை உணவகம்' என்று ஒரு ஆள் கிடையாது. அந்தப் பெயரில் வாங்கிய கோழிக்குக் காசு கொடுக்காவிட்டால் வழக்கு அக்கா மேல். கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் கடையோடு போய்விடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. போகாது, அவருடைய சேமிப்பு, கார், பெயரில் உள்ள வீடு என்று பின்னாலேயே வரும். தீர்ப்பான கடன் 100,000 வெள்ளியைத் தொட்டுவிட்டால் திவால் வழக்கு போடவும் கடன் கொடுத்தவருக்கு வழி உண்டு.

இதனால்தான் இரவல் பெயர் விவகாரம் ஆபத்து. தம்பிக்கு ஏற்கெனவே கடன் விவரம் வைத்திருக்கிற சிடோஸில் பெயர் ஏறிவிட்டது, பேங்க் பக்கம் போக முடியாது. "அக்கா, உன் பேர்ல போட்டுடலாம், கடைய நான் பார்த்துக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்கிறான். அக்காவும் கூடப்பிறந்தவன்தானே என்று போட்டுவிடுவார். மனைவி பெயரில் கணவர் நடத்துவது, மாமியார் பெயரில் மருமகன் நடத்துவது, எல்லாம் நம் பக்கம் சகஜம். கையெழுத்துப் போட்டவர் கல்லாப்பெட்டியைக் கண்ணால் பார்த்திருக்காவிட்டாலும் கடன்காரர், வரி வாரியம், இபிஎப், எல்லாரும் தேடி வருவது அவரைத்தான். "நான் சும்மா பேர்தான் கொடுத்தேன்" என்பது வீட்டுப் பஞ்சாயத்தில் வேண்டுமானால் எடுபடும்.

அப்படியானால் கூட்டாளியாகவே தம்பியைச் சேர்த்துக்கொண்டால்? சேர்க்கலாம், 2 பேரிலிருந்து 20 பேர் வரைக்கும் கூட்டு வியாபாரமாகப் பதியலாம். ஆனால் இதிலும் பொறுப்பு பிரிவதில்லை, சொல்லப்போனால் கூடுகிறது. கடைக்காக ஒரு கூட்டாளி வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. பாதிக்குப் பாதி என்று கடன்காரரிடம் பேச முடியாது. யாரிடம் வசதி இருக்கிறதோ அவரிடமே மொத்தத்தையும் கேட்கலாம். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 1961-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி லாபம் சரிசமம். அக்கா 20,000 வெள்ளி போட்டிருந்தாலும், தம்பி 2,000 போட்டிருந்தாலும், அக்கா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு கரைத்தாலும், தம்பி பத்து மணிக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தாலும், சரிசமம். ஒரு கூட்டாளி இறந்துவிட்டால், வேறு மாதிரி எழுதி வைக்காத பட்சத்தில், கூட்டே கலைந்துவிடும். ஆகவே எழுதுங்கள். வக்கீல் வைத்து எழுதினால் நல்லது, காசில்லை என்றால் ஒரு பக்கத்திலாவது எழுதுங்கள்: யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எவ்வளவு, யார் என்ன வேலை, பிரிய வேண்டும் என்றால் எப்படி. கூடப்பிறந்தவனிடம் போய்க் கையெழுத்து கேட்பதா என்று கூச்சப்படுவார்கள். கூடப்பிறந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் வெளியாளோடு சண்டை வந்தால் கடைதான் போகும், இங்கே தீபாவளியும் சேர்ந்து போய்விடும். ஒருவர் விலகினால் 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்மிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடுங்கள். விலகுவதற்கு முன்னால் ஏற்பட்ட கடன் மட்டும் அவரை விட்டுப் போகாது.

கடை வேறு, ஆள் வேறு என்று நிஜமாகவே பிரிக்க வேண்டுமென்றால் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், தொடங்க வேண்டும். அப்போதுதான் நிறுவனம் சட்டப்படி தனி ஆள் ஆகிறது. சுங்கை சிப்புட்காரர்களுக்கு இந்தத் தனி ஆள் கதை புதிதில்லை. நம்மூர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர்களின் பங்குப் பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது. அந்தத் தோட்டங்கள் சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினர் ஒருவர் சொந்தக் கடனைக் கட்டவில்லை என்று சங்கத்துத் தோட்டத்தில் கடன்காரர் கை வைக்க முடியாது. கூட்டுறவுக்கு வேறு சட்டம், நிறுவனத்துக்கு வேறு சட்டம், ஆனால் உள்ளே இருக்கிற யோசனை இதேதான். 2017 ஜனவரி 31-இல் நடப்புக்கு வந்த 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து நிறுவனம் தொடங்கலாம். பதிய 1,000 வெள்ளி. 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும், வருடா வருடம் அறிக்கை போட வேண்டும், இவற்றுக்கெல்லாம் மாதாமாதம் காசு போகும். சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு இது முதல் வருடத்தில் பாரம் என்பது என் எண்ணம். அதுவும் போக, கடன் கேட்டுப் போனால் பெரும்பாலும் பேங்க் "நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லும், போட்டவுடனே நீங்கள் கட்டிய சுவரில் நீங்களே ஓட்டை போட்டதாக ஆகிவிடும்.

இனி லைசன்ஸ். இது கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் வேலை, சுங்கை சிப்புட் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. கடைக்கு லைசன்ஸ், பெயர்ப்பலகைக்கு லைசன்ஸ், இரண்டும் வேண்டும். பெயர்ப்பலகையில் தமிழ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் மலாய் பெரிதாக, முதலில் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும், வாசகத்துக்கு மலாய் மொழிக் கழகமான டேவான் பஹாசாவின் ஒப்புதலும் வாங்க வேண்டும். பலகையை அடித்து மாட்டிவிட்டு அப்புறம் ஒப்புதல் கேட்டால் இரண்டாவது பலகைக்கும் காசு கொடுக்க வேண்டிவரும். கடை முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் மேசை நாற்காலி போட்டால் கூட்டம் வரும், சம்மனும் வரும்.

இதில் வரிசைதான் முக்கியம். அட்வான்ஸ் கட்டி, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு கவுன்சிலுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் சாப்பாட்டுக் கடைக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டால் டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. முதலில் முகவரியைக் கொண்டுபோய்க் கேளுங்கள், பிறகு அட்வான்ஸ். தோட்டத்து வீட்டிலேயே நடத்தலாம் என்று நினைத்தால் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த வீடும் நிலமும் கம்பெனியுடையது, மானேஜ்மெண்ட் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தம் போட்டால் 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டுவது சிரமம். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட வாடகை என்றால் அது நில அலுவலகத்தில் பதிகிற குத்தகைக் கணக்கில் போய்விடும், அதனால்தான் மூன்று வருடத்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

சாப்பாடு என்பதால் சுகாதார அமைச்சும் உள்ளே வருகிறது. கடையை அவர்களிடம் பதிய வேண்டும், சமைக்கிறவர், பரிமாறுகிறவர் எல்லாரும் டைஃபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும். வாரக் கடைசியில் உதவிக்கு வருகிற மருமகளுக்கும் இது பொருந்தும். அப்புறம் ஒன்று, இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் இல்லாமல் 'ஹலால்' என்று எழுதி ஒட்டாதீர்கள். பன்றி இறைச்சி வைப்பதில்லை, எல்லாம் சுத்தம் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்த அடையாளத்தைச் சான்றிதழ் இல்லாமல் போட்டால் வர்த்தக விவரிப்புச் சட்டத்தில் குற்றம். விலைப்பட்டியல் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

வரிக்கு வருவோம். நம் ஆட்கள் இதற்குப் பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. வரி விற்பனைக்கு இல்லை, லாபத்துக்கு. அக்காவுக்கு வாடகை, சாமான், சம்பளம், கரண்டு எல்லாம் போக வருடத்துக்கு 44,000 வெள்ளி நின்றது என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் கழிவு 9,000 போனால் 35,000. முதல் 5,000-க்கு வரி இல்லை, அடுத்த 15,000-க்கு 1 சதவீதம், அதாவது 150 வெள்ளி, அதற்கடுத்த 15,000-க்கு 3 சதவீதம், 450 வெள்ளி. மொத்தம் 600. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டவில்லை என்பதால் 400 வெள்ளி தள்ளுபடி. கட்ட வேண்டியது 200 வெள்ளி, வேறு கழிவுகள் இருந்தால் அதுவும் குறையும். இந்த 200 வெள்ளிக்குப் பயந்து கணக்கே காட்டாமல் இருந்துவிட்டு, நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் "வருமானத்துக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கும்போது முழிப்பார்கள். வியாபாரம் செய்கிறவருக்கு போராங் பி என்கிற வரிப் படிவம், அடுத்த வருடம் ஜூன் 30-க்குள். சம்பளக்காரருடைய ஏப்ரல் 30 உங்களுக்கு இல்லை. ரசீதும் கணக்கும் 7 வருடம் வைத்திருக்க வேண்டும். வெயிலில் எழுத்து அழிந்துபோகிற ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ-இன்வாய்ஸ் என்கிற மின்னியல் பில் முறை 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிப் படிப்படியாக இறங்கி வருகிறது. சின்னக் கடைகளுக்கான விற்பனை வரம்பை இடையில் மாற்றியும் இருக்கிறார்கள், ஆகவே வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் வரி வாரியத்தின் தளத்தில் பாருங்கள்.

வேலைக்கு ஒரு ஆளை வைத்தவுடன் உங்களுக்குள் இருக்கிற கிராணி எழுந்து உட்கார வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, 2025 ஆகஸ்ட் 1-இலிருந்து ஒரே ஒரு ஆள் வேலை செய்கிற கடைக்கும் இதுதான். இந்தச் சம்பளத்துக்கு இபிஎப்பில் முதலாளி பங்கு 13 சதவீதம், 221 வெள்ளி. தொழிலாளி பங்கு 11 சதவீதம், 187 வெள்ளி. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முதல் ஆளை வைத்த 7 நாளுக்குள் இபிஎப்பிலும், 30 நாளுக்குள் சொக்சோவிலும் முதலாளியாகப் பதிய வேண்டும். ஆகவே 1,700 சம்பளம் என்றால் உங்களுக்கு ஆகும் செலவு 1,900-ஐத் தாண்டும், தோசை விலையைப் போடும்போது இந்தத் தொகையை வைத்துப் போடுங்கள்.

"அண்ணே, எனக்கு இபிஎப் வேணாம், கையில குடுத்துடுங்க" என்று வேலைக்கு வருகிறவரே கேட்பார். கேட்டார் என்பதற்காகக் கொடுக்க முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டாலும், எழுதிக் கையெழுத்தே வாங்கி வைத்திருந்தாலும் செல்லாது, பின்னால் அவரே கோபித்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தால் நிலுவையை நீங்கள்தான் கட்ட வேண்டும். சொக்சோவும் அப்படித்தான், கொதிக்கிற எண்ணெய்ப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குச் சொக்சோ இல்லை என்பது எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத விஷயம். வாரத்துக்கு 45 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு, அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு, சம்பளம் மாதம் முடிந்த 7 நாளுக்குள். உங்களுக்காகவும் சொக்சோ உண்டு, சுயதொழில் செய்கிறவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனித் திட்டம் இருக்கிறது.

கடைசியாகக் கடன். கொடுக்கிற கடனும் வாங்குகிற கடனும். 555 என்கிற சின்னக் கணக்கு நோட்டில் எழுதிக் கடன் கொடுப்பது தோட்டத்துக் கடைகளில் பரம்பரைப் பழக்கம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், விட்டால் பாதி வாடிக்கையாளர் போய்விடுவார். ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: தொகைக்குப் பக்கத்தில் தேதி, வாங்கியவர் கையெழுத்து. வாய்ப்பேச்சுக் கடனும் சட்டப்படி கடன்தான், ஆனால் அவர் இல்லை என்று சாதித்தால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? 5,000 வெள்ளி வரையான பாக்கிக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம், போராங் 198, வக்கீல் வேண்டாம். ஆறு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு மேல் ஆனால் நோட்டு வெறும் நோட்டுதான்.

வாங்குகிற கடனில், லைசன்ஸ் உள்ள வட்டிக்கடைக்காரர் அடமானம் இருந்தால் வருடத்துக்கு 12 சதவீதம், இல்லாவிட்டால் 18 சதவீதம், அதற்கு மேல் வாங்கக்கூடாது. மாதத்துக்கே 10 சதவீதம் என்று ஒருவர் சொன்னால் அவர் யார் என்று உங்களுக்கே தெரியும். கூட்டு, அதாவது சீட்டு, எடுத்துக் கடை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாக வைத்துக்கொள்வதை 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்துவிட்டது, கூட்டுக்காரர் காணாமல் போனால் போலீசில் புகார் கொடுக்கலாமே தவிர, சீட்டுப் பணத்தை யாரும் எண்ணிக் கையில் கொடுக்கப் போவதில்லை.

சரிவராமல் கடையை மூடுவதென்றாலும் ஒரு வேலை இருக்கிறது: 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்மிடம் முடித்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள், லைசன்ஸை நகராண்மைக் கழகத்திடம் ரத்து செய்யுங்கள், ஆள் இல்லை என்று இபிஎப்புக்கும் சொக்சோவுக்கும் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் மூடிய கடைக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். அந்த வருடம் கடை ஓடிய மாதங்களுக்குக் கணக்குக் காட்டி போராங் பி போடுங்கள். ரசீதுப் பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அந்த 7 வருடம் கடை மூடினாலும் ஓடும்.